மைக் செட் வளர்த்த ‘திருவிளையாடல்’

ஆடி பிறந்துவிட்டால் போரூரிலிருந்து பூந்தமல்லி வரை காற்றில் பாட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஐயப்பன்தாங்கல் இந்தச் சாலையின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மாங்காடு காமாட்சி, இன்னொரு பக்கம் திருவேற்காடு கருமாரி, இடையில் தெருவுக்குத் தெரு ஓர் அம்மன். வேப்பிலைத் தோரணம் கட்டி முடிப்பதற்குள் மைக் செட்காரர் வந்து இறங்கிவிடுவார். விடியும்போது பிள்ளையார் பாட்டு, அதற்குப் பிறகு எல்.ஆர்.ஈஸ்வரி. கூழ் ஊற்றி முடிந்து, பெண்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும் மதிய நேரத்தில் பாட்டு நின்று பேச்சு தொடங்கும். பரிசுக்குப் பாட்டு எழுத வராத ஓர் ஏழைப் புலவன், கோயிலுக்குள் தனியாக நின்று சாமியிடம் புலம்புகிற பேச்சு. தருமியாக நாகேஷின் குரல். பந்தலுக்குள் பாயை விரித்துப் படுத்திருந்தவர்கள் கண்ணைத் திறக்காமலேயே சிரிப்பார்கள், அடுத்த வரி என்னவென்று தெரியும் என்பதால்.

சென்னையின் மேற்குப் புறநகரில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு ‘திருவிளையாடல்’ முதலில் காது வழியாகத்தான் வந்தது. படத்தைத் திரையில் பார்த்தது பிறகு. அந்தப் படத்தின் ஒலி எந்த எந்த உருவில் விற்பனைக்கு வந்தது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, எப்படி அறுபது ஆண்டு தாண்டி நின்றது என்று பார்க்கப் போனால், இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டியலோடு நின்றுவிட முடியாது. தெருமுனையில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரையும் சேர்த்துத்தான் அந்த வரலாற்றை எழுத வேண்டும்.

ஏ.பி.நாகராஜன் எழுதி, இயக்கி, ஸ்ரீ விஜயலட்சுமி பிக்சர்ஸ் சார்பில் தயாரித்த படம் 1965 ஜூலை 31 அன்று வெளியானது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கும் 64 விளையாடல்களிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு, மாம்பழக் கதையில் கோபித்துப் போன முருகனுக்குத் தாய் சொல்லும் கதைகளாக அவற்றைக் கோத்தார். சிவாஜி கணேசன், சாவித்திரி, நாகேஷ், டி.எஸ்.பாலையா, முத்துராமன், டி.ஆர்.மகாலிங்கம், கே.பி.சுந்தராம்பாள். நக்கீரர் வேடத்தில் நாகராஜனே. இசை கே.வி.மகாதேவன், பாடல்கள் கண்ணதாசன். சென்னையில் வெள்ளிவிழாக் கண்டது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழும் பெற்றது.

அந்த வரவேற்பின் பலத்தில் நாகராஜன் அடுத்தடுத்துப் பக்திப் படங்களை எடுத்தார். 1966-இல் ‘சரஸ்வதி சபதம்’. 1967-இல் பெரிய புராணத்திலிருந்து ‘திருவருட்செல்வர்’. அந்தப் பெரிய புராணத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், ஐயப்பன்தாங்கலுக்குத் தெற்கே கூப்பிடு தூரம்தான். நாயன்மார் கதையும் சிவன் கதையும் இந்த வட்டாரத்துக்குப் படம் வந்து சொல்லிக் கொடுத்தவை அல்ல. ஏற்கெனவே தெரிந்த கதைகள், நாகேஷ் குரலிலும் பாலையா குரலிலும் வந்தபோது திருவிழாவில் உரிமையோடு உட்கார்ந்துகொண்டன.

இனி தட்டுகளுக்கு வருவோம்.

1965-இல் இந்தியக் கடைகளில் இரண்டு காலங்கள் ஒன்றாகக் கிடந்தன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு இன்னும் போகவில்லை. 45 சுற்றுச் சுழலும் சிறிய இ.பி. வந்துவிட்டிருந்தது. 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. வசதியானவர்கள் வீட்டுச் சாமான். கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்ற பல முத்திரைகளில் தட்டுகளை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. தமிழ்த் திரைப்பாட்டின் பெரும்பகுதி அந்த ஒரே ஆலையின் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அளவு உண்டு. 78-இன் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் அடங்கினால் அதிகம். ஹேமநாத பாகவதர் என்ற பாடகர் பாத்திரத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ ஐந்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டு. மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்துக்கு ராகம் நடந்து போகும் மாலிகை. அதை 78-இல் ஏற்றினால் பாதியில் உடைத்துத் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இ.பி.யில் பக்கத்துக்கு இரண்டு என நான்கு பாட்டுக்கு இடம் உண்டு. ‘திருவிளையாட’லில் பத்துக்குக் குறையாத பாட்டுகள். மொத்தப் படத்தையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர் ஒன்றுக்கு மேற்பட்ட தட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். எல்லோராலும் அது முடியாது. எந்த நாலு பாட்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில்தான் ஒரு படத்தின் பாட்டுகளுக்குள் மூத்ததும் இளையதும் உண்டாகிவிடுகிறது. கே.பி.சுந்தராம்பாள் ஔவையாக வந்து முருகனைப் பாடியதும், டி.எம்.சௌந்தரராஜன் கௌரிமனோகரியில் பாடிய ‘பாட்டும் நானே’யும் எந்தப் பந்தலிலும் ஒலிக்க, பி.பி.ஸ்ரீநிவாசும் எஸ்.ஜானகியும் சேர்ந்து பாடிய பொதிகை மலைப் பாட்டு இரவு நேர வானொலிக்குச் சொந்தமாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘ஒரு நாள் போதுமா’ பற்றித் திரையுலகில் நெடுநாளாக ஒரு செய்தி உலவுகிறது. அந்தப் பாட்டை முதலில் சீர்காழி கோவிந்தராஜனிடம் கேட்டார்கள், கதைப்படி தோற்றுப்போகிறவன் பாடும் பாட்டு என்பதால் அவர் தயங்கினார், அதன் பிறகுதான் அது பாலமுரளிகிருஷ்ணாவிடம் போனது என்பது அது. படத்தில் ஹேமநாத பாகவதர் தோற்றது உண்மைதான். விறகு சுமப்பவனாக வந்த சிவன் இரவில் பாடியதைக் கேட்டுப் பயந்து, சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விடுகிறார். தட்டில் அந்தத் தோல்வி இல்லை. கதையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கிறவனுக்குப் பாகவதரும் சிவனும் சமம். கச்சேரி மேடைப் பாடகர் ஒருவரைத் தமிழகத்தின் டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பாட்டு. படத்தின் நீதியைத் தட்டு மாற்றி எழுதிய இடங்களில் இதைப் போல அழகானது வேறு இல்லை.

பாட்டோடு நின்றிருந்தால் ‘திருவிளையாடல்’ நல்ல பாட்டுகள் கொண்ட இன்னொரு படமாக இருந்திருக்கும். அதைத் தனியே நிறுத்தியது கதை வசனத் தட்டு.

வசனத்தைத் தட்டில் கேட்பது தமிழர்களுக்கு அப்போதே பழகிய விஷயம். 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் வசனம் தட்டாக வந்து ஊரெல்லாம் முழங்கியது. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒரு படத்தையே ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக் காதுக்கு மட்டும் தந்தார்கள். திரையே இல்லாமல் படம் ‘பார்க்கும்’ வித்தை இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் எல்லாப் படத்தின் வசனமும் அப்படி நின்றுவிடவில்லை. இது நின்றதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அந்தக் குரல்கள் பழகிய இடம். நாகராஜன் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர். சிவாஜியும் அப்படியே. பாலையா, மகாலிங்கம், சுந்தராம்பாள் எல்லோரும் மேடை ஏறியே திரைக்கு வந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி பேசப் பழகிய தொண்டைகள் அவை. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கமாட்டார்கள். மூச்சு எடுக்கும் இடம்கூட வாக்கியத்தின் பொருளோடு ஒத்துப்போகும்.

இரண்டாவது, குழாய் ஸ்பீக்கரின் குணம். அந்தக் கூம்புக்கு அடிநாதம் வராது. தவிலும் மிருதங்கமும் அதில் தகர ஓசையாகத்தான் கேட்கும். மனிதப் பேச்சு விழுகிற நடு அலைவரிசையை மட்டும் கூர்மையாக, வெகுதூரத்துக்குத் தூக்கி எறியும். நாடகக் குரலும் கூம்பும் ஒன்றுக்காக ஒன்று செய்தவை போலப் பொருந்தின. நக்கீரருக்கும் சிவனுக்கும் நடந்த வாதம் ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்குக்கூடச் சொல் சிதையாமல் கேட்டது. பாட்டை ரசிக்க வீட்டு ரெக்கார்டு பிளேயர் தேவலை. வசனத்துக்குக் கூம்புதான் வீடு.

படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு எல்.பி.யின் இரு பக்கத்தையும் சேர்த்தால் முக்கால் மணிக்குச் சற்றே கூடலாம். ஆகவே கதை வசனத் தட்டு என்றாலே வெட்டி ஒட்டிய இன்னொரு படம்தான். காட்சியை நம்பி நிற்கும் இடங்கள் போய்விடும். பேச்சை நம்பி நிற்கும் இடங்கள் தங்கும். தருமியின் புலம்பலும், அவனுக்குப் பாட்டுத் தர வரும் சிவனோடு அவன் நடத்தும் கேள்வி-பதிலும், அரசவையில் நக்கீரரின் வாதமும் முன்னுக்கு வந்தன. தருமி காட்சியின் நீளத்தைக் குறைக்கவே கூடாது என்று சிவாஜியே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது எப்படியோ, ஒலி வடிவத்தில் தருமிதான் கதாநாயகன். சிவாஜி நடிப்பில் பாதி அவர் கண்ணில் இருந்தது. தட்டுக்குக் கண் இல்லை. நாகேஷோ மூச்சுவிடும் இடைவெளியைக்கூடச் சிரிப்பாக மாற்றிக் குரலுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

மைக் செட்காரரின் கையிலிருந்து தப்பி வந்த பழைய தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வரலாறு கண்ணுக்கே தெரியும். நடுவே ஒட்டிய வட்டத் தாளில் படப் பெயரும் பாடகர் பெயரும் அச்சாகியிருக்கும். அதன் மேலேயே பேனாவால் சவுண்ட் சர்வீஸின் பெயர் அல்லது ஒரு வரிசை எண். நாலு கடைகளில் வாடகைக்குப் போய் வரும் சரக்கு, மாறிவிடக் கூடாது என்பதற்காக. வெளிச்சத்தில் சாய்த்தால் தட்டு முழுவதும் ஒரே கறுப்பாக இருக்காது. கேட்டுத் தேய்ந்த பகுதி மட்டும் சாம்பல் பூத்திருக்கும். முள் எங்கே அதிகம் நடந்தது, அதாவது ஊர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதற்கு அந்தச் சாம்பல் நிறமே சாட்சி. உள் விளிம்பில், ஒலிக்கோடு முடிந்து வெறுமையாக இருக்கும் வளையத்தில், ஆலையில் கீறிய எண் இருக்கும். எந்த மூல அச்சிலிருந்து இந்தத் தட்டு வந்தது என்று சொல்லும் எண் அது. மறுபதிப்புகளைப் பிரித்தறிய அதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது.

எண்பதுகளில் கேசட் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. உடையாது, சட்டைப் பையில் போகும், விலையும் குறைவு. ‘பக்கத்துக்கு ஒரு படம்’ என்று இரண்டு படங்களை ஒரே கேசட்டில் போட்டு விற்றார்கள். பிரதான சாலைகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து, உறையில் பட்டியலையும் அழகான கையெழுத்தில் எழுதித் தருவார்கள். அப்படித்தான் ‘திருவிளையாட’லின் பாட்டுகள் தங்கள் படத்தைவிட்டுப் பிரிந்து, ‘பக்திப் பாடல்கள்’, ‘டி.எம்.எஸ். ஹிட்ஸ்’ என்று வேறு குடும்பங்களில் போய்ச் சேர்ந்தன. கேட்பவருக்குச் சுகம். யார் எழுதியது, எந்தப் படம், எந்த ஆண்டு என்ற விவரங்கள் மட்டும் ஒவ்வொரு நகலிலும் ஒன்றிரண்டாக உதிர்ந்தன.

கதை வசனத்துக்குக் கேசட் புது வாழ்வு தந்தது. 90 நிமிடக் கேசட்டில் எல்.பி.யைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பேச்சு அடங்கும். 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்றக் காட்சி வசனம் கேசட் வழியாகத் தமிழ்நாட்டின் எல்லா டீக்கடைகளிலும் ஒலித்தது. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் ‘விதி’யும் கோயில் திருவிழாவில் ‘திருவிளையாட’லும் என்று ஒரு பங்கீடே நடந்தது.

1985-இல் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகத்தோடு பழைய தட்டுகளும் கிடைத்துக்கொண்டிருந்த இடம் அது. அதே காலகட்டத்தில் கிராமபோன் கம்பெனி ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு வந்தது. தொண்ணூறுகளில் தட்டு அச்சிடுவது ஓய்ந்தது, சி.டி. வந்தது, 2000-இல் நிறுவனத்தின் பெயரே சரிகம என்று மாறியது. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். சி.டி. தமிழ்ப் புறநகரில் கேசட்டைப் போல ஊன்றவே இல்லை. அதற்குள் எம்.பி.3 வந்து, ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு என்று பிளாட்பாரத்தில் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

தெருவின் ஓசைக்கும் சட்டம் வந்தது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வகுத்தன. கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாது என்று காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் திருவிழாதோறும் சொல்லத் தொடங்கின. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் இருக்கும் ஊரில் அது தேவையான கட்டுப்பாடு. வயலும் ஏரியுமாக இருந்த ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிகளின் ஊராகிவிட்ட பிறகு, நள்ளிரவில் நக்கீரர் வாதாடுவதை யாரும் பொறுத்துக்கொள்ள முடியாது. கூம்பு இறங்கி, பெட்டி ஸ்பீக்கர் வந்தது. அதில் தவில் நன்றாகக் கேட்டது, வசனம் பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை.

2012-இல் ‘கர்ணன்’ டிஜிட்டல் மெருகோடு மறுபடி வந்து அரங்கு நிறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘திருவிளையாட’லும் சினிமாஸ்கோப்பில் மறுவெளியீடு கண்டது. நாகராஜனின் மகன் சி.என்.பரமசிவம் நெகட்டிவைத் தேடி எடுத்துச் சீரமைத்தார். 2017-இல் சரிகமவின் கார்வான் வந்தது. பழைய வானொலிப் பெட்டி உருவம், தமிழுக்கென்று தனியாக ஒரு பெட்டி, உள்ளே 5,000 பாட்டுகள். வயதானவர்கள் வீட்டில் அது ஒரு துணையாகவே இருக்கிறது. இப்போது கைப்பேசியில் தேடினால் நொடியில் ‘பாட்டும் நானே’. இவ்வளவு எளிதாக அந்தப் பாட்டு இதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. கூடவே ஒரு வெறுமையும் இருக்கிறது. அந்தப் பாட்டில் வீணை யார், புல்லாங்குழல் யார், மிருதங்கம் யார் என்று திரையில் தேடினால் கிடைக்காது. மகாதேவனோடு நிழலாக இருந்து இசைக்குழுவை நடத்திய உதவியாளர் புகழேந்தியின் பெயரைக்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதே 1965-இல், உலகின் மறுபக்கத்தில், ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வெளியானது. அதன் இசைத்தட்டு பிரிட்டனில் மொத்தம் 70 வாரம் முதலிடத்தில் இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறையாவது அதற்கு ஒரு சிறப்புப் பதிப்பு வருகிறது. 2023-இல் வந்த பெரிய பதிப்பில், இதுவரை வெளிவராத நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். வசதி இருக்கிறது, செய்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. மூலப் பதிவைப் பத்திரமாக வைத்ததும், யார் என்ன வாசித்தார் என்று எழுதி வைத்ததும்தான் அதைச் சாத்தியமாக்கியது. நமக்கும் அதே வயதுள்ள ஒரு படம் இருக்கிறது. அதைப் பாடியவர்களும் பேசியவர்களும் எந்த நாட்டு மேடையிலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியவர்கள்.

இந்த நேரத்தில் இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கு உரிமை அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1965-இல் வெளியான தட்டுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாள். பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. அவை படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை காப்பில் இருக்கும். நாகராஜன் மறைந்தது 1977, ஆகவே வசனத்துக்கு 2037 முடிய. கண்ணதாசன் 1981, பாடல் வரிகளுக்கு 2041 முடிய. மகாதேவன் 2001, மெட்டுக்கு 2061 முடிய. எனவே யார் வேண்டுமானாலும் எடுத்து விற்றுவிடலாம் என்ற நிலை வரவில்லை. ஆனால் நிறுவனமும் வாரிசுகளும் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல தருணமும் இல்லை. கோயில் திருவிழாவில் போடும் மைக் செட்காரர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதே இல்லை. உண்மையான சமயச் சடங்கில் ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவது மீறல் அல்ல என்று அதே சட்டம் விலக்கு தருகிறது.

அப்படி ஒரு பதிப்பு வருமானால் அதில் இருக்க வேண்டியவை தெளிவு. எல்லாப் பாட்டுகளும் படத்தில் வரும் வரிசையில், முழு நீளத்தில். கதை வசனத் தட்டு, அன்று வெட்டி ஒட்டியது எப்படியோ அப்படியே. அந்த வெட்டும் நாகேஷை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஒரு கலைவேலைதான். வாசித்தவர்களின் பெயர்கள், இன்னும் நினைவு வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே. தட்டின் உறை, வட்டத் தாள், ஆலை எண் எல்லாவற்றின் படங்களும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சுப் பொருளோடு பழைய இசைத்தட்டுகளையும் சேர்த்துக் காத்து வருகிறது. தனியார் சேகரிப்பாளர்களிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

மிச்சம் இருப்பவை மைக் செட்காரர்களின் பரணில் இருக்கின்றன. ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்திய பழைய குடும்பங்களில் மகன்கள் எல்.இ.டி. திரைக்கும் டி.ஜே. செட்டுக்கும் மாறிவிட்டார்கள். அப்பாவின் தட்டுப் பெட்டி பழைய இரும்போடு போகிறது, அல்லது வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் தார்ப்பாயின் மேல் வந்து கிடக்கிறது. அங்கே ‘திருவிளையாடல்’ கண்ணில் பட்டால், தேய்ந்திருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். வட்டத் தாளில் பேனாவால் எழுதிய ஊர்ப் பெயரையும், உள் வளையத்தில் இருக்கும் எண்ணையும் படம் எடுத்து ஒரு நூலகத்துக்கு அனுப்பினால், எந்தத் தட்டு எந்த ஊர்த் திருவிழாவில் பாடியது என்ற பட்டியல் அங்கிருந்து தொடங்கலாம்.